எலுமிச்சம்பழம் வரட்டும்

இருங்க தனசேகரண்ணா, இன்னா அவசரம்? பழம் வராம சாவியத் தொடக்கூடாது. வாங்கப்போற வண்டிய மொத மொத கிளப்பறப்ப முன்சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கணும், எங்க வழக்கம் அது. அதுவும் எங்கூரு மாரியாத்தா காலடியில வெச்சி எடுத்த பழமா இருக்கணும். அதுக்குத்தான எங்க வூட்டுக்காரர காலையிலயே ஊருக்கு அனுப்பிச்சேன். டவுன் பஸ்ஸ நம்பிப் போயிருக்காரு, பொறுமையாத்தான் வருவாரு. இப்படி உக்காருங்க. இந்தாங்க, கிழங்கு சாப்டுங்க. மலைக் கிழங்கு, மாவா இருக்கும்.

எனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்னா கேக்குறீங்க? இஞ்சின் தெரியாதுங்கண்ணா, புகை தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே கல்வராயன் மலையில மரவள்ளி லோடு ஏத்தப் போனவ நானு. ஏத்தி முடிச்சா மூட்டை மேலயே குந்திக்கினு ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லு வரைக்கும் வருவோம். ஓட்டுறவருக்கு ரோடு மட்டுந்தான் தெரியும். மேல குந்திக்கினு வர்றவளுக்கு அத்தினி புகையும் மூஞ்சிலதான்.

கறுப்பா வந்தா பயமில்ல. டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி. பில்ட்டர மாத்தி, டீசல் பீச்சற நாசிலப் பாத்தா சரியாப் போயிடும். வெள்ளையா வந்து, சூடானப்புறமும் நிக்கலன்னா உள்ள தண்ணி போவுதுன்னு அர்த்தம். நீலமா வருது பாருங்க, அதுதான் மோசம். ஆயிலே எரியுது. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிபோச்சின்னா இஞ்சின மொத்தமா பிரிச்சிப் போட்டுட்டு குந்த வேண்டியதுதான்.

ஆதிமூலம்னு ஒரு டிரைவரு இருந்தாரு. காலையில அவரு வண்டிய நாங்க எல்லாரும் சேந்து தள்ளணும். ஊரே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஆனா ஒருதரம் சூடாயிடுச்சின்னா போதும், புகையே இல்லாம பொழுதுக்கும் ராஜா மாதிரி ஓடும். இதுக்கா தள்ளுனோம்னு எங்களுக்கே சந்தேகம் வந்துடும். டீ குடிக்க இறங்குனாக்கூட மனுசன் வண்டிய நிறுத்த மாட்டாரு. ஆறிட்டா மறுபடி எங்க கால்ல இல்ல விழணும்.

ஆமாங்க, எங்க வூட்டுக்காரரு இருசப்பன் நல்ல டிரைவருதான், அதுல ஒரு கொறையும் இல்ல. இத்தினி வருசமும் அடுத்தவங்க வண்டி. உங்க வண்டியப் பாத்ததுலேருந்து அவருக்குத் தூக்கமே இல்ல. 'சாலம்மா, முன்னாடி நம்ம பொண்ணு தேவதர்ஷினி பேரத்தான் எழுதணும்'னு எங்கிட்ட சொல்லி, பெயிண்டர்கிட்டயும் சொல்லிட்டே வந்துட்டாரு. இன்னும் வெலயே பேசி முடிக்கல. மனசு போயிடுச்சின்னா அவருக்கு எந்தக் கலரு புகையும் கண்ணுக்குத் தெரியாது. நாந்தான் பாக்கணும். ஆடு, என் கம்மலு, எல்லாம் வித்த காசும் இந்த வண்டியிலதான் போவப்போவுது. இது படுத்துக்கிச்சின்னா நாங்களும் படுத்துக்க வேண்டியதுதான்.

பொங்கலுக்கப்புறம் கிளப்பவே இல்லன்னீங்க இல்ல? காலையில வந்ததும் இஞ்சின் மேல இருக்கற பானட்ல சந்தனம் வெச்சேனே, பாத்தீங்களா? வெச்ச கையோட காஞ்சி, பொரிஞ்சி உதுந்துடுச்சி.

வெயிலா? விடிஞ்சதுலேருந்து புளியமரத்து நிழல்லதானங்கண்ணா நிக்குது.

ஐய, கோவமெல்லாம் இல்ல. பொண்ணு பாக்க வராங்கன்னா மூஞ்சில பவுடர் போடறதில்லயா? அது மாதிரி நாங்க வர்றதுக்கு முந்தி ஒரு சுத்து ஓட்டி வெச்சிட்டீங்க. விக்கறவங்க செய்யறதுதான். அப்பவே சொல்லியிருப்பேன், அவரு எதிர்ல உங்களக் கேக்க மனசு வரல. அவரு மூஞ்சி வாடறதையும் என்னால பாக்க முடியாது. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிடறேன். இல்லன்னா வேற வண்டி பாக்கலாம்னு நானே எதனா சாக்கு சொல்லிக் கூட்டிக்கினு போயிடறேன். உங்க பேரு வராது.

இப்ப வந்து பாருங்க. செத்த நேரம் முன்னாடி மறுபடி சந்தனம் வெச்சேன். ஈரம் அப்படியே நிக்குது. இஞ்சின் நல்லா ஆறிடுச்சி. சாவியப் போடுங்கண்ணா, நான் பின்னால போயி புகை கிட்ட நின்னுக்கறேன். அவரு பஸ்ஸு வர்றதுக்குள்ள பாத்துடுவோம்.

பழமா? நேத்தே மாரியாத்தா காலடியில வெச்சி எடுத்துட்டேன். காலையிலேருந்து என் பையிலதான் இருக்குது.