வெங்கிட்டு விட்டுப்போன கோப்பு

2002 ஜூலையில், கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்த ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தின் லினக்ஸ் கணினி நாள்தோறும் நண்பகலில் நின்றுபோனது.

இதோ, நம்மோடு உட்கார்ந்திருக்கும் ஷீஜாவின் சின்னம்மா மகள் அம்பிளிக்கு நடந்தது இது. மெழுகுவர்த்தியை நகர்த்தாதீர்கள்... கேளுங்கள்.

வேலை நடக்கும்போது உண்டாகும் தற்காலிகக் கோப்புகள் டிஸ்க் முழுக்கக் குவிந்திருந்தன. மெஷின் தொடங்கும்போதே அவற்றைத் துடைக்க ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. எழுதியவர், அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த வெங்கிட்டு. ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். முந்தைய மழைக்காலத்தில் அந்த மெஷினுக்கு முன்னாலேயே, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துப்போனார். அதற்குப் பிறகு எத்தனை துடைத்தாலும் அவர் பெயரில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சியது. பயந்துபோனவர்கள் துடைக்கும் வரியையே முடக்கிவிட்டு, மெஷினுக்கு ஊதுபத்தி ஏற்றத் தொடங்கினார்கள்.

அம்பிளி அங்கே டைப்பிஸ்ட். மாலை வகுப்பில் லினக்ஸ் படித்தவள். தான் சரிசெய்வதாகச் சொன்னாள்.

மேலாளர் சங்கர்ராம் சிரித்தார். "பெருக்கறதும் துடைக்கறதும் உங்களுக்குக் கைவந்ததாச்சே!"

"ஆமா சார். எங்கப்பா பேரு காளி. கார்ப்பரேஷன்ல குப்பை வாருறாரு. குப்பையைக் கண்டா எங்களுக்குப் பயமில்ல."

சிரிப்பு நின்றது. "நாளைக்கும் மெஷின் நின்னுதுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

கிளார்க் ஜிதின் அவள் காதருகே குனிந்தான். "சேச்சி, செத்த ஆளோட சாதனம். தொட வேண்டாம் கேட்டோ."

"செத்த ஆளுக்கு எதுக்குடா டிஸ்க்ல இடம்?"

ஸ்கிரிப்டைத் திறந்தாள். பேய் இல்லை, பிழை. எல்லாக் கோப்பும் அழியட்டுமென்று வெங்கிட்டு போட்டிருந்த நட்சத்திரக் குறி, புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. மிஞ்சிய கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கியது... அவ்வளவுதான். முடக்கிய வரியை மீட்டு, அப்படிப் புள்ளிக்குப் பின்னால் மறைந்திருப்பவையும் அழியும்படி மாற்றி எழுதினாள். மெஷினை அணைத்துத் தொடங்கினாள். டைரக்டரி காலி. யாரும் கைவைக்கக் கூடாதென்று, மறுபடி அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை. மழை. பஜார் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. சுக்கு மூட்டைகளின் ஈர நெடி. அலுவலகத்தைத் திறந்து, நின்றபடியே கேபிளைச் செருகினாள். துடைத்து முடிந்ததென்று திரையில் வரி வந்தது. பார்த்தாள்...

ஒரு கோப்பு. வெங்கிட்டு பெயரில். எழுதப்பட்ட நேரம், முந்தைய நள்ளிரவு.

அந்நேரம் கேபிள் அவள் தலைமாட்டில் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் பிரம்பு நெரிந்தது. க்ரீச்... மூக்குப்பொடி வாசனை. அம்பிளி திரும்பவில்லை.

"எழுந்திரிங்க சார். இப்ப இது என் நாற்காலி."

கோப்பை அழித்தாள். பிறகுதான் திரும்பி நாற்காலியை இழுத்தாள். பிரம்பு சூடாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்து, பஜார் திறக்கும்வரை வேலை பார்த்தாள்.

அன்று மெஷின் நிற்கவில்லை. அவள் வேலையும் போகவில்லை.

அடுத்த காலை டைரக்டரியில் மறுபடி ஒரு கோப்பு இருந்தது. உரிமையாளர் பெயர் வெங்கிட்டு அல்ல... சங்கர்ராம்.

அம்பிளி அதையும் துடைத்தாள். பத்து மணிக்குச் சங்கர்ராம் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது... அவர் இனி வேலைக்கு வரமாட்டாராம்.