இரண்டாம் வருடத் தடுப்பாட்டக்காரன்

ஒரு தடுப்பாட்டக்காரனை அவனுடைய இரண்டாம் வருடம் முடிவதற்குள் எடைபோடக் கூடாது. இதை நான் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அநேகமாக யாரும் காதில் வாங்கியதில்லை. கோல் போடுகிறவன் பதினெட்டு வயதிலேயே போட்டுவிடுவான். தடுக்கிறவன் அப்படியில்லை. அவன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எதிரில் வருகிறவனின் தோளைப் பார்த்து அவன் மனதைப் படிக்க வேண்டும். அது வர நாளாகும்.

நீங்கள் ஐஸ் ஹாக்கி பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள், மேடம். பரவாயில்லை. இந்தக் கெட்டில் பே ஊரில் பிறந்து ஹாக்கி பார்க்காமல் இருப்பது கஷ்டம், ஆனால் நீங்கள் தெற்கிலிருந்து வந்தவர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரெய்னோ ஹார்யு. அறுபத்து நான்கு வயது. இருபத்தொன்பது வருடம் மாவட்டத்துப் பனி அகற்றும் வண்டி ஓட்டினேன். ஒரு நாளும் விபத்து இல்லை. கல்லூரி அரங்கத்தில் பதினான்காம் பகுதி, கடைசி வரிசை, மூன்றாவது இருக்கை என்னுடையது. நான்காவது பெர்னிஸ் க்ளூட்டியேவுடையது. தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள். பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கல்லூரி அணிப் பையன்கள் கோல் போட்டால் அவள் ஒரு மாட்டு மணியை ஆட்டுவாள். என் வலது காது சரியாகக் கேட்காததற்கு அதுதான் காரணம் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் உண்டு. முந்நூறு பேர் எழுதுவார்கள். முக்கால்வாசிப் பேர் தோற்றால் கோச்சைத் திட்டுவார்கள், ஜெயித்தால் அடுத்த வருடம் தோற்போம் என்பார்கள். நான் அப்படி எழுதுவதில்லை. வாரநாட்களில் காலைப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பையனும் எதில் முன்னேறியிருக்கிறான், எதில் தேங்கி நிற்கிறான் என்று எழுதுவேன். நிதானமாக எழுதுவேன். என்னை அங்கே மதித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டார்சி வாசிலிக் போன வருடம் வந்தான். கனடாவில் சஸ்கச்சுவான் பக்கம், கோதுமைப் பண்ணை வீட்டுப் பையன். ஆறடி மூன்றங்குலம். முதல் எட்டு ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. எவன் வந்தாலும் அவனைத் தாண்டிப் போனான். எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் ஓர்வில் நிஸ்கானன் அவனுக்குக் "கதவு" என்று பெயர் வைத்தான்.

"டேய் கதவு! தாழ்ப்பாள் போடுடா!" என்று கத்துவான். அரங்கமே சிரிக்கும்.

"ஓர்வில், நீ ஓடுனா உன் வயிறு மட்டும் நாலு நிமிஷம் கழிச்சு வந்து சேரும். சும்மா இரு" என்பாள் பெர்னிஸ்.

"அவனுக்கு ரெண்டு வருஷம் குடு" என்றேன் நான்.

"ரெண்டு வருஷமா? ரெய்னோ, அதுக்குள்ள எனக்குக் காரியமே முடிஞ்சிடும்" என்றான் ஓர்வில்.

அந்த நவம்பரில் தளத்தில் அவனுக்காகப் பேசியது நான் ஒருவன்தான். பதினோரு பதிவுகள். யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். பயிற்சி முடிந்து வந்தவனை வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்து, இடப்பக்கம் திரும்பும்போது உன் குதிகால் தூக்குகிறது என்றும் சொன்னேன். "தேங்க்ஸ், மிஸ்டர் ஹார்யு" என்றான். ஜனவரியில் அந்தக் குறை இல்லை. கோச் மேக்ரே சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். கோச்சுக்கு இருபத்தாறு பையன்கள். எனக்கு அப்போது அவன் ஒருவன்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விஷயம் புரிய அது உதவும். நான்கு வருடம் முன்பு எங்கள் கோல்கீப்பர் ப்ரெஸ்டன் ஏக்டால், கடைசி வருடம். நல்ல பையன், ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் தியோ என்ற முதல் வருடப் பையன் வெளியே உட்கார்ந்தே வீணாகிக்கொண்டிருந்தான். ஒரு புதன்கிழமை மதியம், பையன்கள் எல்லாரும் வகுப்பில் இருக்கும்போது, அவர்கள் தங்கியிருந்த வீட்டின் பின்படிக்கட்டில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மைனஸ் இருபது டிகிரி. கால் மணி நேரத்தில் கண்ணாடியாகிவிட்டது. ப்ரெஸ்டனுக்கு மணிக்கட்டு இரண்டாக உடைந்தது, காறை எலும்பும் போனது. தியோ மிச்சமிருந்த பதினாறு ஆட்டம் ஆடி அதில் பதினொன்று ஜெயித்துக் கொடுத்தான். தளத்தில் எல்லாரும் அதிர்ஷ்டம் என்று எழுதினார்கள். நான் மறுத்து எழுதவில்லை. ப்ரெஸ்டன் இப்போது எங்கோ காப்பீடு விற்கிறான். கிறிஸ்துமஸுக்கு ரசிகர் மன்றத்துக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான்.

இந்த வருடம் டார்சி வேறு ஆள். எங்களுக்கு இருபத்திரண்டு வெற்றி. அவனைத் தாண்டிப் போனவர்களை நான் பெயர் சொல்லியே எண்ணிவிடுவேன். ஓர்வில் கூட, "கதவு இல்லடா, கோட்டைச் சுவரு!" என்று கத்த ஆரம்பித்தான். பிப்ரவரியில் செய்தி பரவியது. தொழில்முறை அணி ஒன்றின் ஆட்கள் மேலே கண்ணாடி அறையிலிருந்து அவனைப் பார்க்கிறார்கள், சீசன் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று.

அது தப்பு. நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. முன்பு மார்க்கஸ் ஃபெல் என்ற பையன் இதே மாதிரி இரண்டாம் வருடம் முடிந்ததும் போனான். அங்கே அவனைக் கீழ் அணியில் போட்டு, மூன்று வருடம் பஸ்ஸில் ஊர் ஊராக இழுத்து, நான்காம் வருடம் கழற்றிவிட்டார்கள். டார்சிக்கு இன்னும் இரண்டு வருடம் தேவைப்பட்டது. தளத்தில் அதைக் காரணத்தோடு எழுதினேன். பெர்னிஸ் ஒரே ஒரு வரி பதில் போட்டாள்: "அது அவன் வாழ்க்கை, ரெய்னோ. பையனைச் சும்மா விடு." அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டார்கள்.

மார்ச் முதல் சனிக்கிழமை அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் தோற்றோம். பெர்னிஸ் அழுதாள். நான் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தேன். நான் அவளை வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை டார்சியை மீன் பிடிக்கக் கூப்பிட்டேன். உறைந்த ஏரிமேல் என் மரக்குடில் நிற்கிறது, கரையிலிருந்து அரை மைல். ஜனவரியில் ஒரு தடவை அவனும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒன்பது மணிக்கு வந்தான். நல்ல வெயில், காற்றே இல்லை. பனியில் இரண்டு துளை போட்டுத் தூண்டில் இறக்கினோம். அடுப்பில் காபி வைத்தேன். அவன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வலது காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

துளையில் மேலே படியும் பனியை உடைக்க ஒரு கடப்பாரை வைத்திருப்போம். நாலரை அடி, முனை தட்டையாக இருக்கும். அதை எடுத்து அவன் வலது முழங்காலில் அடித்தேன்.

ஒரு அடிதான் என் கணக்கு. முழங்கால் ஒரு வருடத்தில் கூடிவிடும். முழங்கால் உடைந்தவனை எந்த அணியும் கூட்டிக்கொண்டு போகாது. அவன் இங்கேயே இருந்து, படித்து, மெதுவாகத் திரும்பி வந்து, நாலாம் வருடம் தலைவனாக ஆடுவான். வழுக்கி விழுந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், அவன் என் பேச்சைக் கேட்பான் என்று நினைத்தேன். அடித்தபோது வந்த சத்தம் ஈர விறகை மிதித்து ஒடிப்பது போல் இருந்தது. கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

அவன் முதலில் கத்தவில்லை. காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எழுந்திருக்கப் போய் அடுப்பின்மேல் கையை ஊன்றிவிட்டான். தோல் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கத்தினான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இருபது வயது, அந்த உடம்பு, நான் கிழவன். விடச் சொன்னேன். விடவில்லை. அதனால் கையில் அடித்தேன். முன்கை இரண்டு இடத்தில் வளைந்தது. கையை அடிப்பது என் எண்ணத்தில் இல்லை, அது அவனே வரவழைத்துக்கொண்டது. விழுந்தும் என் கணுக்காலைக் கடித்தான். மறுபடி காலில் அடித்தேன். எத்தனை என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் எண்ணியிருப்பார்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. பெர்னிஸ். கையில் ஒரு பை. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்து அவள் சுடும் பாஸ்டி, ஆவி பறந்துகொண்டிருந்தது. மூன்று வைத்திருந்தாள்.

"ரெய்னோ" என்றாள். அப்புறம், "என்னய்யா பண்ணிட்ட?"

அவள் என்னைத் தாண்டிப் போய் மண்டியிட்டாள். கழுத்துத் துணியை உருவி அவன் தொடையில் கட்டினாள்.

"டார்சி, என் கண்ணு, என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு. மூச்சு விடு."

"அவரு என்னை..." என்றான் அவன்.

"தெரியும். பேசாத." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீ வெளிய போய் நில்லு. போ. கண்ணு முன்னாடி நிக்காத."

பனி வண்டியைத் திரும்ப ஓட்டச் சொல்லும் மேற்பார்வையாளன்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் கைபேசியை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். நான் பின்மண்டையில் அடித்தேன். அவள் குரல் பாதியில் நின்றது. முன்னால் சாய்ந்தவளின் நெற்றி துளையின் விளிம்பில் மோதியது. இன்னும் இரண்டு முறை அடித்தேன், அவளுக்கு வலி இருக்கக் கூடாது என்பதற்காக. கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், ஆகவே அதிகம் சிதறவில்லை. துளையில் தண்ணீர் நிறம் மாறியது. தூண்டிலின் மிதவை அதில் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டார்சி கதவு வழியாக வெளியே போயிருந்தான். வயிற்றால், ஒரு கையால், பனிமேல். அடுத்த குடில் முந்நூறு கஜம். நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்னால் போக வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் போன தடம் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது. அந்தக் குடிலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்ததும் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். மரக்குடிலில் அடுப்பை எரியவிட்டுப் போவது ஆபத்து. பிறகு கரைக்கு நடந்து வந்து, உங்கள் ஆட்கள் வரும்வரை என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அவன் மருத்துவமனையில் வாய் திறந்தான் என்கிறீர்கள். காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்பதும் கேள்விப்பட்டேன். அவன் சொன்னதை வாசித்துக்காட்டினீர்கள். மறுக்கப் போவதில்லை, மேடம். அவன் பொய் சொல்லும் பையன் இல்லை. அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான் என்று சொன்னேனே, அது இதுதான்.

"மிஸ்டர் ஹார்யு, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். நான் போகல. கோச்கிட்ட வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். நாலு வருஷமும் இங்கதான்."

சிரித்துக்கொண்டு சொன்னான். காபிக் கோப்பையை என் கோப்பையோடு இடித்தான்.

"நல்ல முடிவுடா" என்றேன். "எப்படி மனசு மாறுச்சு?"

"மிஸஸ் க்ளூட்டியேதான். நவம்பர்லேருந்து ஞாயித்துக்கிழமை அவங்க வீட்லதான் சாப்பாடு. போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம், ஆனா அவசரப்படாதன்னு மட்டும்தான் சொன்னாங்க. வேற எதுவுமே சொல்லல. எங்கம்மா மாதிரி. இப்ப இங்க வரச் சொல்லியிருக்கேன், மூணு பேருமா சாப்பிடலாம்னு."

"நான் எழுதினதைப் படிச்சியா? தளத்துல?"

"இல்ல சார். அதையெல்லாம் நாங்க யாரும் படிக்க மாட்டோம். கோச் படிக்க வேணாம்னு சொல்லியிருக்காரு."

ஆக, அவன் போகப் போவதில்லை என்பது கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை பதினெட்டு உள்ளூர் ஆட்டங்கள், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மணி ஆட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அந்த முடிவை அவன் முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?