மெக்கானிக்கைக் கேட்டுத்தான் வாங்குவார்கள்

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே கார் கம்பெனிச் சட்டை போட்ட இருவர். இளையவர் ஷோரூமில் கார் விற்பவர், நரைத்தவர் அங்கேயே சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக் என்பது பேச்சில் தெரிந்தது.

"இன்னைக்கு ஒண்ணு வித்துட்டேண்ணே. மன்னிச்சுக்குங்க."

கார் விற்றதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? என் தூக்கம் கலைந்தது.

"பேட்டரி காரா?"

"ஆமாண்ணே. மாசத்துக்கு ரெண்டையாவது தள்ளச் சொல்லி கம்பெனி கழுத்தப் பிடிக்குது. விக்கலன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"வித்தா எங்கள அனுப்பிருவாங்க. சர்வீஸ்ல வேலை இல்லன்னு ஏற்கனவே மூணு பேர நிறுத்தியாச்சு."

பஸ் உறுமிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் ஏறியது.

"யாரு தம்பி வாங்குனது?"

"கூத்தாநல்லூர் டீச்சர்."

"அவங்க பழைய வண்டிய பன்னெண்டு வருஷமா நான்தான பாக்குறேன்! எப்படி மடக்குன?"

"நான் எங்கண்ணே மடக்குனேன்? ஆறு மாசமா பேசியும் அசையல. நம்ம பக்கம் எவன் ஷோரூம்காரன் பேச்சக் கேட்டு வண்டி வாங்குறான்? மெக்கானிக்கக் கேட்டுத்தான் வாங்குவான். போன வாரம் உங்களக் கேட்டாங்களாமே?"



"கேட்டாங்க. ஆயில் மாத்த வேண்டாமான்னாங்க. வேண்டாம்னேன். இன்ஜின் வேலையே வராதான்னாங்க. இன்ஜினே கிடையாதும்மான்னேன்."

"ஏதாவது பொய் சொல்லி வச்சிருக்கலாம்லண்ணே?"

"பொய் சொல்ற ஆளுன்னா, என்னைய எதுக்குப்பா கேக்கப்போறாங்க?"