வெட்டாத பிரதி

— அப்படிப் புரட்டாதீங்கம்மா, மடிப்பு கிழிஞ்சிடும். அந்தக் காலத்துல பக்கமெல்லாம் ஒட்டியேதான் வரும், வாங்கினவங்க கத்தியால வெட்டித்தான் படிக்கணும். இதுல ஒரு மடிப்புகூட வெட்டலை. அச்சகத்துலருந்து வந்தபடியே இருக்கு.

— அதான் சார், வெட்டாத பிரதிக்கு மூணு மடங்கு விலைன்னு விளம்பரமே போட்டேன்.

— வேற யார்கிட்டயும் இருக்காது. மிச்சத்தையெல்லாம் பதிப்பாளர் எடைக்குப் போட்டுட்டார்.

— ஏன் சார்?

— எல்லாம் நம்ம கைங்கரியம்தான். பத்திரிகையில மதிப்புரை எழுதினேன். கிழிச்சுத் தொங்கவிட்டேன்னு வச்சுக்கங்களேன். அதோட இதை எழுதின பையன் நாவல் பக்கமே தலைவச்சுப் படுக்கலை. சினிமாவுக்கு வசனம் எழுதப் போயிட்டான். அங்கயும் பெருசா பேரில்லை.

— இப்பத்தான் அந்தப் படங்களைத் தேடித் தேடிப் பாக்கறாங்க.

— அதனாலதான் இதுக்கும் கிராக்கி, காலக்கொடுமை. மூலையில யாரு, தூங்கறாரா?

— எங்க வீட்டுப் பெரியவர். கண்ணு தெரியாது, கடையில உக்காந்தா பொழுது போகும். சார், முன்பக்கத்துல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா விலை இன்னும் ஏறும்.

— என்னன்னு?

— மதிப்புரைக்கு வந்த பிரதி, அன்னிலேர்ந்து என் கையை விட்டுப் போகலைன்னு.

— உண்மைதானே. பேனாவைக் குடுங்க. ம்... இந்தாங்க. வர்ற வாரம் எனக்குப் பாராட்டு விழா. நீங்களும் வந்துடுங்க.

— கட்டாயம் வர்றேன். பணம் கவர்ல இருக்கு சார், புத்தகம் இனிமே என்னோடது. ஒண்ணு கேக்கட்டுமா? மதிப்புரையில முடிவு சப்புன்னு இருக்குன்னு எழுதியிருந்தீங்க.

— ஆமா, எழுதினேன். அதுக்கென்ன?

— அந்த முடிவு இருக்கற பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கே சார்.

— அது... அதை விடுங்கம்மா. பழைய கதை.

— எப்படி விடறது? படிச்சவன் எழுதின மாதிரியே இல்லைன்னு எங்கப்பா சாப்பிடறப்பகூடச் சொல்லிக்கிட்டே இருப்பார். அதைக் கண்டுபிடிக்கத்தான் விளம்பரமே போட்டேன். நீங்களா வந்து மாட்டினீங்க.

— நீ அவன் பொண்ணா?

— விழா அன்னிக்கு இது கடை வாசல்ல கண்ணாடிக்குள்ள இருக்கும். உங்க கையெழுத்தும், பக்கத்துலயே உங்க மதிப்புரையும். போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்.

— வேண்டாம்மா. இந்த வயசுல என்னைச் சந்தி சிரிக்க வச்சுடாதே. பணத்தைத் திருப்பித் தர்றேன். அன்னிக்கு மேஜை நிறைய புத்தகம், நேரமில்லை, அட்டையைப் பாத்து எழுதிட்டேன். அவர் மட்டும் உயிரோட இருந்தா கால்ல விழுந்திருப்பேன்.

— உயிரோடதான் இருக்கேன் சார், கால்ல விழ வேண்டாம். பாப்பா, கத்தியை அவர் கையில குடு.

— வெட்டிட்டா சாட்சி போயிடும்ப்பா.

— போகட்டும். நான் எழுதினதை எனக்கே இப்பப் படிக்க முடியலை. உக்காருங்க சார். முதல் மடிப்புலருந்து வெட்டி, சத்தமாப் படிங்க. பாப்பா, கடைசிப் பக்கம் வர்றவரைக்கும் கதவைத் திறக்காதே.