மீசையில் நண்டு ஒட்டிய ஃபோல்டர்

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரின் படத்தை மாற்றுவது காபிக்குச் சர்க்கரை போடுவதைவிடச் சுலபம். மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என்று போனால் தீர்ந்தது. பென்ஷன் வாங்குகிற கிழவனுக்கே நாற்பது விநாடி போதும்.

நேற்று என் வாசலில் நின்றுகொண்டு, "பாலு மாமா, நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னுதான் தெரியல. எழுதிக் குடுங்க, அம்மாவுக்கு நான் அப்படியே படிச்சுக் காட்டறேன்" என்றாய், கார்த்திகா. சென்னையிலிருந்து இந்தத் தீவுக்கு அதற்காகவே விமானம் ஏறி வந்திருக்கிறாய். முப்பத்திரண்டு வருடம் சர்க்காருக்கு நோட் எழுதித் தேய்ந்த கை இது. எழுதுவதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

ஷாதிபூரில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். உன் அப்பா சந்திரமோகனின் தொண்டை அந்தச் சுவரை மதித்ததே கிடையாது. படகுத்துறையில் நின்று லாங் ஐலண்ட் படகுக்கு மூன்று பாஷையில் அறிவிப்பு சொன்ன தொண்டை. காலையில் அவர் ஒரு காறல் காறினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பதிலுக்கு ஹாரன் கொடுக்கும். எங்கள் தென்னையில் இரண்டு குரும்பை உதிரும். மிகைப்படுத்துகிறேன் என்பாய். ஒரு குரும்பை நிச்சயம்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரலையே எடுத்துவிடுவோம் என்று மெயின்லேண்ட் டாக்டர்கள் சொன்னதும், ஆபரேஷனுக்குப் போவதற்கு முன் அவர் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீச்சருக்காக, அதுதான் உன் அம்மாவுக்காக, பேசிப் பதிவு செய்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. குரலில்லாமல் திரும்பி வந்து பதினோரு மாதம் இருந்தார். அப்புறம் போனார்.

அதற்குள் டீச்சரின் கண்ணைச் சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. எழுத்து தெரியாது, படம் தெரியும். "அண்ணே, எழுத்தே வேணாம், எல்லாத்துக்கும் படமாப் போட்டுக் குடுங்க" என்றார். போட்டேன். கரண்ட் பில்லுக்கு பல்பு. உன் போட்டோக்களுக்கு ரோஜா. உன் அப்பாவின் குரலுக்கு எந்தப் படம் என்று கேட்டேன். லாங் ஐலண்டில் யாரோ வீட்டு விருந்தில் அவர் நண்டு தின்கிற படத்தைக் கொடுத்தார்.

அந்தப் படத்தை நீ சுண்டுவிரல் நகம் அளவில்தான் பார்த்திருப்பாய். ஐகான் ஆக்குவதற்காகப் பெரிதாக்கி வெட்டியவன் நான். வாய் பாதி திறந்திருக்கிறது. பல்லிடுக்கில் வெள்ளையாக நண்டுச் சதை. மீசையில் ஒட்டியிருந்ததை வழித்தெடுத்தால் நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு வேளை சாப்பிடலாம். உதட்டோரத்தில் மஞ்சளாக ஒரு குழம்புத் துளி, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று நிற்கிறது.  மூன்று நாள் எனக்கு மீன் கறி இறங்கவில்லை. டீச்சரோ திரையில் மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து, "எவ்வளவு தெளிவா இருக்கார் பாருங்கண்ணே" என்றார்.

மூன்று வருடம். தினமும் காலை ஆறரைக்கு அந்த வாயின்மேல் டீச்சரின் மவுஸ் இரண்டு தட்டு. முதலில் செருமல், பிறகு காறல், பிறகு சளி புரளும் சத்தம், அதற்கப்புறம்தான், "விசாலம், காபி ஆச்சா?" உடனே டீச்சர், "இதோ கொண்டாறேன்" என்பார். ஒரு ஃபோல்டருக்குப் பதில். இரண்டு டம்ளர் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். ஆறுவதற்கு வைத்த காபியில் ஆடை படிந்து, சுருங்கி, அதில் ஈ உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். செத்தவர் சளியைத் தினமும் காதால் குடிக்கிற வீட்டில் சுத்தம் எங்கிருந்து வரும்? நான் யோசித்ததெல்லாம் சுத்தத்தைப் பற்றி மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன புதிதில் நீ போனில், "மாமா, அப்பா குரலுக்கு ஒரு காப்பி எடுத்து உங்க வீட்டுல வைங்க" என்றாய். எடுத்துவிட்டேன் என்றேன். எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது போதாதா?

ஜூன் மாதம் டீச்சருக்குக் குப்பை கொட்டக் கற்றுக்கொடுத்தேன். மாதம் முதல் தேதி குப்பைத்தொட்டிப் படத்தைத் திறக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், திரும்பி வராதபடி அடியோடு அழிக்கிற ஷிஃப்ட்டோடு டெலீட், அப்புறம் யெஸ். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, மனப்பாடமாகச் செய்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். விரல் பழகட்டும் என்று விட்டேன்.

அக்டோபர் முதல் தேதி காலை, அவர் பூ பறிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்தேன். உண்மையான குப்பைத்தொட்டியைத் திரையிலிருந்து மறைத்தேன். உன் அப்பாவின் ஃபோல்டருக்குக் குப்பைத்தொட்டிப் படத்தைப் போட்டு, தொட்டி இருந்த மூலைக்கு நகர்த்தினேன். அவர் இருந்த இடத்தில் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து அதற்கு அந்த நண்டு வாயை மாட்டினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் பிடிச்சாச்சு. யெஸ்ஸா அண்ணே?"

"யெஸ்தான் டீச்சர்."

அமுக்கியது அவர் விரல். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். நான் அந்த வீட்டில் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

மறுநாள் ஆறரைக்கு இரண்டு தட்டு கேட்டது. பிறகு மறுபடி இரண்டு. பிறகு நிறையத் தடவை. படம் இருந்தது, மீசை இருந்தது, நண்டு இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஏழு மணிக்குச் சுவரைத் தட்டி, "அண்ணே, அவர் பேச மாட்டேங்கிறார்" என்றார். ஓடினேன். என்னைத்தானே கூப்பிட்டார்.

குட்வில் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனை நான்தான் கூட்டிவந்தேன். அவன் நல்லவன், அதுதான் தொந்தரவு. "அரே பாலு பாய், முகத்தை ஏன் தொங்கப் போடறீங்க? அழிச்சாலும் உள்ளதான் கிடக்கும். அவ்வளவுதான், அது மேல வேற எதையும் ஏத்தாம வைங்க. மெயின்லேண்ட்ல இருந்து ஒரு சாமான் வரணும், சனிக்கிழமை எடுத்துரலாம், டீக் ஹை?" என்று சொல்லிவிட்டுப் போனான். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொடாம நீங்கதான் பாத்துக்கணும்ணே" என்றார்.

பார்த்துக்கொண்டேன். என் பணி நிறைவு விழா வீடியோ ஒன்று இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரம். பதினான்கு மாலை, ஒன்பது பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். நகல் எடுத்தேன். நகலுக்கு நகல். இடமில்லை என்று அந்த மிஷின் கெஞ்சுகிற வரைக்கும் ஊற்றினேன், நாற்பத்தேழு தடவை. பிறகு எல்லாவற்றையும் துடைத்து, மேஜையில் மல்லிகைப்பூ இருந்தது போலவே வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஜெய்னுதீன் நாலு மணி நேரம் தோண்டினான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சரம்மா, தோண்டத் தோண்ட பாலு பாய்தான் மாலையும் கழுத்துமா வர்றார்" என்றான். டீச்சர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. உனக்குப் போன் பண்ணியது அவன்தான் என்று எனக்குத் தெரியும்.

அதுதான் நடந்தது. உன் அம்மாவுக்கு இதைப் படிக்கும்போது நிதானமாகப் படி. இப்போதெல்லாம் காபி ஒரு டம்ளர்தான். ஆடை இல்லை, ஈ இல்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாய், பழகிவிடும். முப்பது வருடமாக அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவதிலும் எனக்கு ஒரு ஆட்சேபமும் இருந்ததில்லை.

எடுத்ததற்குப் பதில் வைக்காமல் போகிறவன் இல்லை நான். இந்தக் காகிதத்தோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அந்தக் காலி ஃபோல்டரில் போட்டு, படத்தையும் மாற்றிவிடு. புதுப் படம் உள்ளேயே இருக்கிறது, நேற்றுதான் ஸ்டுடியோவில் எடுத்தேன், வாய் மூடித்தான் இருக்கிறேன். முப்பத்தேழு பதிவு முடிந்திருக்கிறது, மீதியையும் பேசி முடித்துவிடுவேன். முதலாவது, "விசாலம், காபி ஆச்சா?" எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துவிட்டேன், கார்த்திகா. ஒன்றில்கூடச் செருமல் கிடையாது.