எட்னா கட்டிப்போட்ட படகு

மேவிஸ்: ...காதுப் பக்கம் ரொம்பக் குறைச்சுடாதே டல்சி. ஆமா, எட்னா கட்டிப்போட்ட படகு இன்னும் துறையிலதான் நிக்குதாமே?

டல்சி: தலைய ஆட்டாதீங்க அக்கா. நிக்குது.

மேவிஸ்: திமிங்கிலம் பாக்க வந்த கூட்டமெல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. கூடப்பிறந்த அண்ணன், அந்த ராய்ஸோட படகையே...

டல்சி: ராய்ஸோட படகா? அது கம்பெனி படகு.

மேவிஸ்: கம்பெனியே அவங்க ரெண்டு பேருதானேடி.

டல்சி: பங்குதான் அவங்களுது. படகு கம்பெனியோடது. நடத்துற டைரக்டர் எட்னா ஒருத்தி. அடிப்பக்கம் விரிசல்னு தெரிஞ்சும் ஆளேத்தி அனுப்பினா, நாளைக்குக் கோர்ட்ல யாரு பதில் சொல்றது? ராய்ஸா?

மேவிஸ்: அதான் மெழுகி, மேல பெயிண்ட் அடிச்சுட்டானாமே...

டல்சி: அதுல உங்க மருமகளை ஏத்தி அனுப்புவீங்களா?

மேவிஸ்: அவளையா? தாராளமா.

டல்சி: சிரிக்க வைக்காதீங்க, கையில கத்தரி.

மேவிஸ்: வியாழக்கிழமை பங்குதாரர் கூட்டமாம். எட்னாவைத் தூக்கிட்டு அவனே டைரக்டர் ஆகி, மறுநாளே படகை இறக்கிடுவானாம். அப்படி முடியுமா?

டல்சி: பாதிக்கு மேல ஓட்டு இருந்தா முடியும்.

மேவிஸ்: நூறு பங்குல ஆளுக்கு நாப்பத்தஞ்சு. மிச்சம் பத்து... அவங்கப்பா கேப்டன் சாகறதுக்கு முன்னால யாருக்கோ எழுதிக் குடுத்தாராம். யாருன்னுதான்...

டல்சி: உங்களுக்கே தெரியாதா? அதிசயமா இருக்கே.

மேவிஸ்: சும்மா கேக்கறேன்... அந்த ஆளு எந்தப் பக்கம் சாய்வாங்க?

டல்சி: குனியுங்க. கழுத்துல முடி.

மேவிஸ்: ராய்ஸ் வந்தா அந்த ஆளுக்கு வருஷா வருஷம் லாபத்துல பங்கு வருமாம்.

டல்சி: அவன் சொன்னானா?

மேவிஸ்: ஊர்ல பேசிக்கறாங்க... அந்த பேக்கப்பிள் பழ ஜாமை உள்ள எடுத்து வை. நானே கிண்டினது.

டல்சி: இந்த முட்டியோட சதுப்புல இறங்கிப் பழம் பறிச்சீங்களா?

மேவிஸ்: மெதுவா... குச்சி ஊன்றி...

டல்சி: அக்கா, மூடியில துணி கட்டிப் பச்சை நூல் சுத்தறது ராய்ஸ் பொண்டாட்டி பழக்கம். ஜாமைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. கேப்டன் காலம் பூரா என்கிட்ட ஓசியில முடி வெட்டிக்கிட்டதுக்குக் குடுத்த பத்துப் பங்கும் வியாழக்கிழமை எட்னா பக்கம்தான்னு, உங்களை அனுப்பினவன்கிட்ட சொல்லிடுங்க.