அவருடைய சம்மதம்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது, முன் இருக்கையிலிருந்து இந்தப் பேச்சு காதில் விழுந்தது.

“அவரு கையெழுத்து வேணுமாம், மதினி.”

“யாரு கையெழுத்துடி?”

“உங்க தம்பி கையெழுத்துத்தான்.”

சொன்னவள் சின்ன வயதுக்காரி. பக்கத்தில் இருந்தவர் அவள் கணவனின் அக்கா. கணவன் கடலுக்குப் போன வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியிருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. அதிகாரிகள் அவரைக் கடலில் எதுவரை தேடினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அவள் கேட்டிருக்கிறாள்.

“அது இன்னொருத்தரப் பத்துன தகவலாம். அவரு சம்மதம்னு எழுதிக் குடுத்தாத்தான் தருவாங்களாம்.”

“காணாமப் போனவன் எங்கன இருந்துடி எழுதிக் குடுப்பான்?”

“அதத்தான் நானும் ஆபீசுல கேட்டேன். ரூல்ஸு அப்படித்தாம்மான்னுட்டு போனப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.”

“இன்னைக்கு மட்டும் தந்துருவாங்களாக்கும்?”

“அப்பீலு போட்டிருக்கேன்ல. மேலதிகாரி விசாரிக்காராம், வரச் சொல்லிருக்காங்க.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற? தம்பி திரும்பி வந்துருவானா?”

“வரமாட்டாரு, மதினி.”

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

“எனக்கு ஒரு தேதி வேணும். அவங்க தேடுறத நிப்பாட்டுன நாளுதான் அவரு செத்த நாளு. வருசா வருசம் கோயில்ல பூசை வைக்கணும்ல?”